யன்னலுக்குக் கம்பி போடமுதல்

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். விசுவமடுப் பக்கம் வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. ஆறு யன்னல், ஒன்றுக்கும் கம்பி இல்லை. கணவர் வெளிநாட்டில். வீட்டில் நீங்களும் இரண்டு பிள்ளைகளும் வயது போன அம்மாவும். உங்கள் ஒழுங்கையில் இரண்டு மாதத்துக்குள் இரண்டு வீடுகளில் களவு போயிருக்கிறது. ஒரு வெல்டிங் கடைக்காரர் பொக்ஸ் பாரில், அதாவது உள்ளே கோதான சதுரக் குழாயில், கிறில் செய்து, சுவரில் துளைத்துப் பிளாஸ்ரிக் றோல் பிளக் அடித்து, ஒரே நாளில் பூட்டித் தருவதாகக் குறைந்த விலை சொல்கிறார். இன்னொருவர் 12 மில்லிமீற்றர் சதுரக் கம்பியில் செய்ய அதைவிடக் கூடக் கேட்கிறார். எது நல்லது, எத்தனை அங்குல இடைவெளி, உள்ளே பூட்டுவதா வெளியே பூட்டுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், "அம்மா கம்பி வேண்டாம் என்கிறா. மெனிக் பாமில் கம்பிக்குள் இருந்தது காணும் என்கிறா. அவவை எப்படிச் சமாளிக்கிறது?" என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். அம்மாவைச் சமாளிக்க வேண்டாம். அவர் சொல்வதைக் கேட்டு வேலையைச் செய்விக்கப் பாருங்கள். 2009இல் செட்டிகுளத்தில், மெனிக் பாம் முகாமின் முட்கம்பி வேலிக்குள் இருந்த ஒருவருக்கு, வெளியே போக வழியில்லாமல் இருப்பது என்றால் என்ன என்று நாங்கள் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கம்பி போட்ட யன்னல் கள்ளனை எந்தப் பலத்தோடு வெளியே மறிக்கிறதோ அதே பலத்தோடு வீட்டுக்காரரை உள்ளே மறிக்கும். நீங்கள் கேட்ட மூன்றும் கள்ளன் எப்படி உள்ளே வருவான் என்பதைப் பற்றியவை. வீட்டிலிருக்கிற நாங்கள் எப்படி வெளியே போவது என்பதை உங்கள் அம்மா கேட்டிருக்கிறார். முப்பது வருசத்துக்கு மேலாக இந்த வேலை செய்கிறேன். என்னிடம் கிறில் செய்விக்க வருகிற நூறு பேரில் ஒருவர்கூட அதைக் கேட்பதில்லை.

நான் பரந்தனில் மாமாவின் பட்டறையில் வேலை பழகியவன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் இரும்பும் சீமெந்தும் வன்னிக்குள் வராது. அப்போது யன்னலுக்கு முதிரைச் சட்டமும் பனஞ்சலாகையும் அடித்துத்தான் காலத்தை ஓட்டினோம். மீள்குடியேறி வந்தபோது பல வீடுகளில் கூரை இல்லை, கதவு இல்லை, கதவு நிலையையும் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். பிறகு இந்திய வீட்டுத்திட்டம் வந்தது. ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, கட்டம் கட்டமாக. அந்தக் காசில் சுவரும் கூரையும் எழும்புவதே பெரும்பாடு. பலர் நகையை அடகு வைத்துத்தான் கதவு போட்டார்கள். "யன்னல் கம்பியைப் பிறகு பார்ப்போம்" என்று விட்ட வீடுகள் எத்தனையோ. உங்களுடையதும் அப்படி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அதில் ஒரு நன்மை உண்டு. இப்போது புதிதாக, சரியாகச் செய்யலாம்.

வெளியேறும் வழி என்று நான் ஏன் அடித்துச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு இரவைச் சொல்ல வேண்டும். 2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு பெய்த மழையையும், இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்ததையும், கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தாழ்வான கிராமம் ஒன்றில் வயது போன இருவர் இருந்த வீட்டுக்கு நாலைந்து பேராகப் போனோம். பலகைக் கதவு ஊறிப் பருத்து நிலையோடு இறுகிவிட்டது. உள்ளே முழங்காலுக்கு மேலே தண்ணீர். எல்லா யன்னலுக்கும் சுவரோடு கொங்கிறீற் போட்டு இறுக்கிய கிறில். நல்ல கிறில், அசைக்க முடியவில்லை. கடைசியில் அலவாங்கால் சுவரை உடைத்துத்தான் இரண்டு பேரையும் எடுத்தோம். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கிறிலைச் செய்தவன் நான். அன்றைக்குப் பிறகு, திறக்கக்கூடிய பகுதி இல்லாமல் எந்தப் படுக்கையறைக்கும் நான் கிறில் செய்து கொடுத்ததில்லை. வேண்டாம் என்று சொன்ன வாடிக்கையாளரை வேறு கடைக்குப் போகச் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளத்தோடு முடிகிற விசயமும் இல்லை. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் நெல் மூட்டை வைத்த வீட்டின் சுவரை யானை இடித்துக்கொண்டு தலையை உள்ளே விடுகிற இரவுகள் இருக்கின்றன. முன்பக்கம் யானை நின்றால் நீங்கள் பின்பக்கத்தால் போக வேண்டும். நெருப்பு எல்லாவற்றிலும் பொல்லாதது. குப்பிவிளக்கு, நுளம்புத்திரி, தலைமாட்டில் சார்ஜில் கிடக்கிற போன், குசினியில் காஸ் சிலிண்டர். 2021 கடைசியில் நாடு முழுக்கக் காஸ் அடுப்பு வெடித்ததைக் கேட்டுப் பயந்துபோய் இருந்தோமே. தீப்பிடித்த வீட்டில் நெருப்பு உடம்பைத் தொட முதலே புகை ஆளை விழுத்திவிடும். இருட்டில், இருமிக்கொண்டு, ஆமைப்பூட்டின் திறப்பைத் தேட யாருக்கும் நேரம் கிடைக்காது.

அமெரிக்காவின் வீட்டுக் கட்டட விதிகளில் இதற்கென்றே அளவு வைத்திருக்கிறார்கள். படுக்கையறையில் ஆள் வெளியேறக்கூடிய யன்னல் ஒன்றாவது வேண்டும். திறந்தால் கிடைக்கும் வெளி 20 அங்குல அகலத்துக்கும் 24 அங்குல உயரத்துக்கும் குறையக்கூடாது, மொத்தத்தில் 5.7 சதுர அடி இருக்க வேண்டும். அறை நிலத்திலிருந்து அந்த வெளியின் அடிவரை 44 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. கம்பி போட்டால், திறப்பும் கருவியும் இல்லாமல் உள்ளேயிருந்து திறபட வேண்டும். அவர்களுடைய விதி எங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மனித உடம்பு எங்கேயும் ஒன்றுதான். நான் 2 அடி அகலம், 3 அடி உயரம் என்று செய்கிறேன். அது 6 சதுர அடி வருகிறது. 4 அடி யன்னலில் ஒரு பாதி திறக்கும், மறுபாதி நிரந்தரமாக நிற்கும். உங்கள் வீட்டில் இரண்டு படுக்கையறை என்றால் இரண்டு யன்னல் இப்படி. முடிந்தால் வாசல் கதவு இருக்கிற பக்கத்தில் இல்லாமல் வேறு பக்கத்தில் தெரிவு செய்யுங்கள். மற்ற நாலுக்கும் நிரந்தரக் கிறில் போதும்.

இதை வெல்டிங்காரரிடம் எப்படிச் சொல்வது என்பதையும் எழுதுகிறேன். "அது பாதுகாப்பில்லை அக்கா, திறக்கிற கிறிலைக் கள்ளனும் திறப்பான்" என்று கட்டாயம் சொல்வார். அவர் சொல்வது பாதி உண்மை. வீட்டுத்திட்ட வீடுகளில் பலகை யன்னல் வெளிப்பக்கம் திறக்கும். ஆகவே கிறில் உள்ளே வரும், திறக்கிற பகுதி அறைக்குள் திறக்கும். பிணைச்சல் உள்ளே இருப்பதால் வெளியே நிற்கிற கள்ளனுக்கு அதைக் கழற்றுவது கஷ்டம். மூன்று பிணைச்சல் போடச் சொல்லுங்கள், பிணைச்சல் ஊசியின் தலையை வெல்டிங்கில் ஒட்டிவிடச் சொல்லுங்கள். மறுபக்கத்தில் 12 மில்லிமீற்றர் கம்பியில் செய்த இழுப்புத் தாழ்ப்பாள் இரண்டு. ஒவ்வொன்றும் நிலையான சட்டத்துக்குள் ஓர் அங்குலமாவது நுழைய வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து தள்ளினால் முழுப் பாரமும் அந்தத் தாழ்ப்பாளில்தான் வந்து விழும். மேலும் கீழும் எட்டாத மூலையில் போடாமல் இரண்டும் ஆளின் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கட்டும்.

அப்படியென்றால் கள்ளன் கம்பி இடைவெளிக்குள்ளால் கையை விட்டுத் தாழ்ப்பாளை இழுக்க மாட்டானா? இழுப்பான். அதற்காகத்தான் பலர் ஆமைப்பூட்டைப் போட்டுவிட்டுத் திறப்பைச் சாமியறையில் வைத்துவிடுகிறார்கள். அது வேண்டாம். கை நுழையாத சின்னக் கண் உள்ள வெல்ட் மெஷ் என்கிற கம்பி வலையை, 3 மில்லிமீற்றர் தடிப்பில், அந்த யன்னல் முழுதுக்கும் கிறிலோடு சேர்த்து ஒட்டிவிடச் சொல்லுங்கள். திறக்கிற பாதிக்கு மட்டும் அடித்தால் பக்கத்துப் பாதியால் கை வரும். அதனால்தான் முழுதும் என்கிறேன். இந்த மெஷ் இன்னொரு உபகாரமும் செய்யும். எங்கள் பகுதியில் பாதிக் களவு உள்ளே வராமலே நடக்கிறது. கொக்கத்தடியை யன்னலுக்குள்ளால் விட்டுக் கொடியில் கிடக்கிற காற்சட்டையையும் ஆணியில் தொங்குகிற கைப்பையையும் கொழுவி எடுத்துவிடுவார்கள். மெஷ் இருந்தால் அதுவும் நடக்காது.

ஆமைப்பூட்டு இல்லாமல் உங்களுக்கு நித்திரை வராது என்றால், திறப்பை அதே அறையில், யன்னலிலிருந்து கைநீளத்துக்கு அப்பால், ஒரு ஆணியில் தொங்கவிடுங்கள். எப்போதும் அதே ஆணி. விருந்தாளி வந்தாலும் இடம் மாற்றக்கூடாது. அந்த யன்னலடியில் அலுமாரி, தையல் மெசின், நெல் மூட்டை ஒன்றும் வேண்டாம். கட்டிலையும் தள்ளிப் போடுங்கள், கிறில் உள்ளே திறபட இடம் வேண்டும்.

இனி கம்பிக்கு வருவோம். எல்லோரும் கம்பியின் தடிப்பைத்தான் கேட்கிறார்கள். கம்பியை அறுத்து உள்ளே வந்த களவை நான் அதிகம் கண்டதில்லை. அறுப்பது சத்தம், நேரமும் போகும். நான் போய்ப் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் கிறில் முழுசாகச் சுவரோடு பெயர்ந்து நிலத்தில் கிடக்கும். கம்பியில் ஒரு கீறல் இருக்காது. பூட்டிய இடம்தான் விட்டிருக்கும்.

சீமெந்துக் கல்லுக்குள் பிளாஸ்ரிக் றோல் பிளக் அடித்து இரண்டு அங்குலத் திருகாணியில் தொங்குகிற கிறிலை ஒரு அலவாங்கு நாலைந்து நெம்பில் கழற்றிவிடும். எங்கள் ஊர்க் கல்லில் சீமெந்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது அரிந்தவருக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலத்தில் துளை போட்டால் கல்லே வெடித்துவிடும். ஆகவே குறைந்த விலை சொன்னவரிடம் "றோல் பிளக் வேண்டாம்" என்று சொல்லுங்கள். அவர் மாற மாட்டாரென்றால் அந்த விலையை விட்டுவிடுங்கள். ஒரே நாளில் முடிகிற வேலை இது இல்லை.

முதலில் உங்கள் யன்னல் நிலையை, அதாவது சுற்றியுள்ள மரச் சட்டத்தை, பாருங்கள். நிலைக்கும் உட்பக்கச் சுவர் விளிம்புக்கும் நடுவே 3 அங்குலமாவது சுவர் இருந்தால் கிறிலை அந்த இடத்தில் சுவருக்குள் புதைக்கலாம். கிறிலின் இரண்டு பக்கத்திலும் மும்மூன்று காது. ஒவ்வொரு காதும் 25க்கு 6 மில்லிமீற்றர் பட்டை இரும்பில், 5 அங்குல நீளம். நுனியைப் பிளந்து மீன்வால் மாதிரி விரித்துவிட வேண்டும். விரிக்காத காது கொங்கிறீற்றுக்குள்ளால் உருவிக்கொண்டு வந்துவிடும். சுவரில் காது வருகிற இடங்களில் துளைத்து, தூசியைத் தட்டி, தண்ணீர் தெளித்து நனைத்து, ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நாலு பங்கு சின்னச் சல்லி என்ற கலவையை இறுக்கி அடைக்க வேண்டும். காய்ந்த கல்லில் நனைக்காமல் வைத்தால் கலவையின் தண்ணீரைக் கல் உறிஞ்சிவிடும், பிடிப்பு வராது. எங்கள் வெயிலில் ஏழு நாளைக்குக் காலையும் மாலையும் தண்ணீர் அடியுங்கள். அதுவரை பிள்ளைகள் கிறிலில் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலைக்கு உள்ளே அவ்வளவு இடம் இல்லாவிட்டால் கிறிலை நிலையிலேயே பூட்ட வேண்டிவரும். அப்போது நிலைதான் எல்லாம். கை முட்டியால் நிலையைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். கோதாகச் சத்தம் வருகிற இடத்தில் கறையான் இருக்கும். குத்தூசியால் கீழ் மூலைகளைக் குத்துங்கள், மழைத்தண்ணீர் தேங்குகிற இடம் அதுதான். பாலை, முதிரை நிலை என்றால் பயப்படத் தேவையில்லை. மீள்குடியேற்ற நேரத்தில் அவசரத்துக்கு வாங்கிய மலிவு மரம் என்றால் சந்தேகத்தோடு பாருங்கள். பிறகு தோளால் தள்ளிப் பாருங்கள். நிலை சுவருக்குள் ஆடினால், கிறிலுக்குக் கொடுக்கிற காசில் ஒரு பங்கை மேசனுக்குக் கொடுத்து அதை முதலில் இறுக்குங்கள். நிலை உறுதி என்றால், 10 மில்லிமீற்றர் தடிப்பும் 3 அங்குல நீளமும் உள்ள மரப் போல்ற் பக்கத்துக்கு நாலு. அறைக்குள்ளிருந்து பூட்டி, தலைகளைக் கிறிலோடு ஒரு பொட்டு ஒட்டிவிட்டால் கழராது. மரம் கருகாமல் நனைத்த சாக்கை வைத்துக்கொண்டு ஒட்டச் சொல்லுங்கள்.

வெளிப்பக்கத்தில் சுவர்மேல் பூட்டுகிற வழக்கத்தை நான் ஒருபோதும் விரும்புவதில்லை. போல்ற்றின் தலை கள்ளனுக்கு முன்னால் நிற்கும், அலவாங்கு நுழைக்க விளிம்பு கிடைக்கும், வெயிலும் மழையும் நேரே படும்.

பொக்ஸ் பாரா, சதுரக் கம்பியா? பொக்ஸ் பாரை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. ஒரு அங்குலப் பொக்ஸ் பாரை வளைப்பது 12 மில்லிமீற்றர் கம்பியை வளைப்பதைவிடக் கடினம். ஆனால் உள்ளே வெறும் கோது. கடையில் மலிவாகக் கிடைக்கிறது 1.2 மில்லிமீற்றர் தகட்டில் செய்தது. இரும்பு வாளால் அறுத்தால் கெதியில் அறுந்துவிடும், ஒட்டும்போது தகடு எரிந்து ஓட்டை விழும். அதைவிட மோசம், துரு உள்ளேயிருந்து தின்னும். வெளியே பெயின்ற் பளபளவென்று இருக்கும், ஐந்தாறு மாரி போனபின் விரலால் அழுத்தினால் உள்ளே போகும். விறாந்தைக்கு, வடிவுக்குச் செய்கிற தட்டிக்குப் பொக்ஸ் பார் பரவாயில்லை. படுக்கையறை யன்னலுக்குத் திடக் கம்பிதான்.

12 மில்லிமீற்றர் சதுரக் கம்பி போதும், 16 தேவையில்லை. எப்படிக் கோத்திருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். நிமிர்ந்த கம்பிகளைக் குறுக்குப் பட்டையின் மேலே வைத்து ஒரு பொட்டு ஒட்டிவிட்டால், காருக்கு வைக்கிற ஜக்கை இரண்டு கம்பிக்கு நடுவே வைத்து விரித்தால் ஒட்டுக் கழன்றுவிடும். பட்டையில் துளை அடித்து, கம்பியை அதற்குள்ளால் நுழைத்து, சந்துகளைச் சுற்றி ஒட்டுவது பழைய கொல்லர் முறை. கூலி கூடும், கூட்டிக் கொடுங்கள். குறுக்குப் பட்டை 16 அங்குலத்துக்கு ஒன்றாக வரட்டும். அதைவிட நீளமாகக் கம்பியைச் சும்மா விட்டால் நடுவில் வளைய இடம் கொடுக்கும்.

சொன்ன இரும்புதான் வந்திருக்கிறதா என்று பார்க்கத் தராசு போதும். 12 மில்லிமீற்றர் சதுரக் கம்பி ஒரு மீற்றர் 1.13 கிலோ. அதே தடிப்பில் உருண்டைக் கம்பி 0.89 கிலோ, 10 மில்லிமீற்றர் உருண்டை 0.62 கிலோ. 25க்கு 6 பட்டை 1.18 கிலோ. 4 அடிக்கு 4 அடி யன்னலுக்கு 4 அங்குலத்துக்கு ஒன்றாக 11 நிமிர்ந்த கம்பி, குறுக்கே நாலு பட்டை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. கூட்டினால் ஏறக்குறைய 24 கிலோ வரும். காதும் மெஷ்ஷும் பிணைச்சலும் வேறு. 24 கிலோ வர வேண்டிய கிறில் 16, 17 கிலோவில் வந்தால் உங்களுக்குத் தந்திருப்பது 10 மில்லிமீற்றர் உருண்டைக் கம்பி. விலை பேசும்போதே இரும்பின் நிறை எவ்வளவு, கிலோ என்ன விலை, கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஒழுங்கான வேலைக்காரர் இதற்குக் கோபிக்க மாட்டார். மொத்தமாக "ஒரு யன்னல் இவ்வளவு" என்று மட்டும் சொல்கிறவரிடம் இரண்டு தரம் யோசியுங்கள்.

இடைவெளி, நடுவிலிருந்து நடுவுக்கு 4 அங்குலம். கம்பியின் தடிப்புப் போக மூன்றரை அங்குலம் வெளி கிடைக்கும். செலவைக் குறைக்க 6 அங்குலம் வைக்கச் சொல்வார்கள். அதற்குள்ளால் மெலிந்த பெடியன் ஒருவன் தோளைச் சரித்து நுழைந்துவிடுவான். எனக்கு அதைவிடப் பெரிய பயம் உங்கள் சின்னப் பிள்ளையின் தலை. உடம்பை முதலில் நுழைத்துவிட்டுத் தலை மாட்டிக்கொள்கிற இடைவெளி அதுதான். குசினி யன்னலுக்குக் குரங்குக்காகவும் மெஷ் அடியுங்கள். 4 அங்குலத்துக்குள்ளால் தாய்க்குரங்கு வராது, குட்டியை உள்ளே விட்டு எடுப்பிக்கும். பாம்புக்கும் அது நல்லது.

துருவைப் பற்றிக் கொஞ்சம். வேலையைச் சோளகக் காற்று வீசுகிற, மழையில்லாத காலத்தில் முடியுங்கள். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் ஈரத்தில் அடித்த பெயின்ற் உரிந்துபோகும். சோளகத்தில் செம்புழுதி பறக்கும், ஆகவே பெயின்ற்றைக் கொட்டிலுக்குள் வைத்து அடிக்கச் சொல்லுங்கள். ஒட்டின கசடைத் தட்டிக் கொட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, ரின்னர் துணியால் துடைத்து, துருத் தடுக்கும் அடிப்பூச்சு இரண்டு தரம், அதற்குமேல் எனாமல் இரண்டு தரம். கடையில் வந்த கறுப்புத் தோலோடு அப்படியே அடித்த பெயின்ற் ஒரு மாரியைத் தாங்காது. பூட்ட முதலே எல்லாப் பக்கமும் அடிக்க வேண்டும், பூட்டிய பின் பின்பக்கத்துக்குத் தூரிகை போகாது. அடிப்பட்டை யன்னல் திண்டோடு முட்டாமல் அரை அங்குலம் உயர்ந்து நிற்கட்டும், முட்டினால் தண்ணீர் அங்கே தேங்கிவிடும். நீங்கள் விசுவமடு என்பதால் இவ்வளவு போதும். மாத்தளன், முள்ளிவாய்க்கால், கொக்கிளாய் என்று கடற்கரையில் இருப்பவர்கள் நாக (சிங்க்) முலாம் பூசிய இரும்பைப் பார்க்க வேண்டும். அதை ஒட்டும்போது வருகிற வெள்ளைப் புகை ஒட்டுகிறவருக்குக் காய்ச்சலும் நடுக்கமும் தரும், திறந்த வெளியில் வைத்துத்தான் ஒட்டலாம்.

ஒரு விசயத்தைக் கையெடுத்துக் கேட்கிறேன். கள்ளனுக்கோ பன்றிக்கோ என்று கிறிலுக்கும் வேலிக்கும் மின்சாரம் கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். யாராவது அந்த யோசனை சொன்னால் காது கொடுக்காதீர்கள். முதலில் அதைத் தொடப்போவது உங்கள் பிள்ளை.

காசு எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகக் காணாவிட்டால் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் குசினிப் பின்கதவு. முன்கதவைப் பாலையில் போட்டுவிட்டுப் பின்கதவைத் தகரத்தில் விட்ட வீடுகளில்தான் களவு கூட. உள்ளே இரும்புத் தாழ்ப்பாள் மேலும் கீழும் போடுங்கள். இதற்கு ஒரு யன்னல் கிறிலின் செலவும் வராது. அடுத்து, அம்மாவும் பிள்ளைகளும் படுக்கிற அறைகளின் யன்னல்கள். மற்றவை பிறகு. யன்னலுக்கு மேலே காற்றுக்கு விட்ட துவாரம் ஒரு அடிக்கு மேல் இருந்தால் அதற்கும் இரண்டு கம்பி. ஓட்டுக் கூரை என்றால் ஓட்டைத் தூக்கி இறங்குகிறவர்களும் உண்டு. சுவரோரம் ஏணியையும் கவிழ்த்த உரலையும் விடாதீர்கள், கூரைக்கு ஏறுகிற கொப்பை வெட்டுங்கள். வேலியோரப் பற்றையைத் துப்பரவாக்கி, பின்வளவில் ஒரு மின்குமிழ் எரியவிடுங்கள். ஒழுங்கையில் மற்ற வீட்டுக்காரரோடு பேசி, ஒரு வீட்டில் சத்தம் கேட்டால் எல்லா வீட்டிலும் விளக்குப் போடுவது என்று முடிவெடுங்கள். ஆண் துணை இல்லாத வீடு என்று யாரும் நினைக்கக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இரண்டு விலையில், கூடக் கேட்டவரிடம் போங்கள். மீன்வால் காது, துளைத்துக் கோத்த பட்டை, இரண்டு யன்னலில் திறக்கிற பாதி, மெஷ், இவ்வளவும் அவருடைய விலைக்குள் அடங்குமா என்று கேளுங்கள். அடங்காவிட்டால் இரண்டு யன்னலை மட்டும் இப்போது செய்விக்கலாம்.

பூட்டி முடிந்த பிறகு ஒருநாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு எல்லோருமாக அந்த யன்னலால் வெளியே இறங்கிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு விளையாட்டாக இருக்கும். அம்மாவுக்கு ஏறக் கஷ்டம் என்றால் உள்ளே யன்னலடியில் ஒரு பலமான பலகைக் கட்டையும், வெளியே இறங்க ஒரு படிக்கல்லும் நிரந்தரமாக வையுங்கள். படிக்கல் அரை அடி உயரத்துக்கு மேல் வேண்டாம், கள்ளனுக்கு உதவிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தாழ்ப்பாளுக்குத் துளி எண்ணெய் விட்டு இழுத்துப் பாருங்கள்.

செய்விக்க முதல், வெல்டிங்காரர் அளவெடுக்க வருகிற நாளில், அம்மாவையும் கூப்பிடுங்கள். அந்த யன்னலடியில் நிற்கச் சொல்லி, கையை நீட்டச் சொல்லுங்கள். எந்த உயரத்தில் அவருக்குச் சிரமமில்லாமல் எட்டுகிறதோ அந்த இடத்தில் சுவரில் கரிக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். மேல் தாழ்ப்பாள் அந்தக் கோட்டில் வரட்டும், கீழ்த் தாழ்ப்பாள் அதற்கு ஒரு அடி கீழே. இரண்டையும் இழுத்துத் திறக்க அவருடைய கைப்பலம் காணுமா என்று பட்டறையிலேயே ஒருமுறை பார்த்துவிட்டுப் பிறகு வீட்டுக்கு ஏற்றுங்கள்.